மதராஸில் பிறந்த குரல், தங்கவயலில் சுழன்ற இசைத்தட்டு

கோலார் தங்கவயல் என்றதும் இன்று பெரும்பாலோர் நினைவுக்கு வருவது 2018இல் வெளியான கன்னடப் படம்தான். அதை விட்டால் 2024இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’. முதல் படத்தில் துப்பாக்கி, அடுத்ததில் பாறையோடு மல்லுக்கட்டும் மனிதர்கள். அந்தப் படங்கள் காட்டும் இரண்டு காலத்துக்கும் நடுவே அந்த ஊருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. மரத்தளம் போட்ட நடனக் கூடம், சனிக்கிழமை ராத்திரி, பியானோ, சாக்ஸபோன், கோட்டுப் போட்ட ஆணும் கவுன் போட்ட பெண்ணும் மெல்லச் சுழலும் வால்ட்ஸ். ஊரைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்று சொல்லி வந்ததற்குக் குளிரும் பங்களாக்களும் மட்டும் காரணமல்ல, இந்தப் பாட்டும் ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் ‘டிரெடிஷனல் பாப்’ என்பார்கள். ராக் அண்ட் ரோல் வருவதற்கு முன்பு வானொலியையும் நடனக் கூடங்களையும் ஆண்ட காதல் மெல்லிசை அது. தென்னிந்தியாவில் இதற்குக் கேட்பவர்கள் இருந்தார்கள், பாட மேடை இருந்தது, வாசிக்கக் குழுக்கள் இருந்தன. இந்த இசையின் உலகப் புகழ் பெற்ற நட்சத்திரங்களில் ஒருவர் மதராஸிலேயே பிறந்தவர். அப்படியிருந்தும் இங்கேயே இருந்து இதைப் பாடிப் பிழைக்க ஏன் ஒருவராலும் எளிதில் முடியவில்லை? எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்கின் வாழ்க்கையை நடுவில் வைத்து இந்தக் கேள்வியைச் சுற்றி வரலாம்.

முதலில் ஊர். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் 1880இல் இங்கே கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் எழுந்தன. சாம்பியன் ரீஃப் பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரத்துக்கே 1905இல்தான் விளக்கு வந்தது.

மேலே வெள்ளைக்கார மேலாளர்கள், கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள். அடுத்த படியில் ஃபோர்மேன், மெக்கானிக், குமாஸ்தா வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்கள். கொஞ்சம் இத்தாலியர்கள். அடியில், வடஆற்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களுக்குத் தட்டி வீடுகளும் லயன்களும். இந்தப் படிவரிசையை மறந்துவிட்டு நடனக் கூடத்தைப் பற்றி மட்டும் உருகுவது நியாயமில்லை. கிளப்பின் வாசலைத் தாண்டாத தமிழர்கள் தங்கள் பங்குக்குச் சும்மா இருக்கவும் இல்லை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவரது ‘தமிழன்’ இதழ் இங்கே வாசிக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததும் இதே மக்கள்தான். ஒரே ஊரில் இரண்டு ஒலிகள். ஒன்றுக்கொன்று சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தன.

கிளப்பில் ஒலித்த அந்த இசை என்ன மாதிரியானது? அது மைக் பெற்ற பிள்ளை. 1925 வாக்கில் மின்முறை ஒலிப்பதிவு வந்தது. அதுவரை பாடகர் கடைசி வரிசைவரை கேட்கும்படி உரக்கப் பாட வேண்டும். மைக் வந்ததும் காதோரம் பேசுகிற குரலில் பாடினாலே போதும் என்றாயிற்று. பிங் கிராஸ்பி, பிறகு ஃபிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல் எல்லாரும் அந்த வழியில் வந்தவர்கள். பின்னால் வயலின் கூட்டம், மூன்று நிமிடப் பாட்டு, கடைசிச் சரணத்தில் சுருதியை ஒரு படி உயர்த்தி உணர்ச்சியைக் கூட்டும் உத்தி. முக்கியமான விஷயம், இந்தப் பாட்டு காதுக்கு மட்டுமல்ல, காலுக்கும் எழுதப்பட்டது. ஜோடியாக ஆட முடியாவிட்டால் அது பாதிப் பாட்டு.

தமிழில் இதற்கு உறவு தேடினால் ஏ.எம். ராஜாவிடம்தான் போய் நிற்க வேண்டும். கோலாருக்குப் பக்கத்து மாவட்டமான சித்தூரில் 1929இல் பிறந்தவர். எம்.கே.டி. தலைமுறையின் உச்சக்குரலிலிருந்து விலகி, மைக்கை நம்பி மெல்லப் பாடியவர். ‘கல்யாண பரிசு’ (1959), ‘தேன் நிலவு’ (1961) படங்களுக்கு அவரே அமைத்த மெட்டுகளைக் கேட்டால் மேற்கத்திய நடன இசையை அவர் எவ்வளவு நிதானமாக உள்வாங்கியிருந்தார் என்பது புரியும். ஆனால் அவருக்கு மேடை தந்தது சினிமா. சினிமாவைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி 1936 மே 2ஆம் தேதி மதராஸில் பிறந்தார். தந்தை மெர்வின் டார்சி வெல்ஷ் வழி வந்தவர், பிரிட்டிஷ் படையில் இருந்தவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். ஆர்னால்டுக்குப் பத்து வயதாகும்போது, நாடு விடுதலையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பையன் முதலில் கற்றது பாட்டல்ல, சாக்ஸபோன். மதுக்கடைப் போட்டி ஒன்றில் பாட ஏறியவர், நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் போல நடித்துக் காட்டியதில் ‘ஜெர்ரி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்ரி டார்சி என்ற பெயரில்தான் படைப்பணி முடித்து வந்து பாடத் தொடங்கினார். 1959இல் டெக்கா நிறுவனம் ஒரு தட்டு வெளியிட்டது. யாரும் கவனிக்கவில்லை. 1961இல் காசநோய். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து வந்தபோது இசையுலகம் மாறியிருந்தது. லிவர்பூலிலிருந்து நான்கு பையன்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜெர்ரி டார்சி பாடிய வகைப் பாட்டுக்கு இனி வேலையில்லை என்று பத்திரிகைகள் தீர்ப்பெழுதத் தொடங்கின.

அவரைத் தூக்கிவிட்டவர் கார்டன் மில்ஸ். முன்பு ஒரே அறையில் தங்கிய நண்பர். டாம் ஜோன்ஸை உச்சத்துக்குக் கொண்டுவந்த மேலாளர். வேல்ஸின் சுரங்க ஊரான டோனிபாண்டியில் வளர்ந்தவர், ஆனால் பிறந்தது 1935இல், மதராஸில்! ஒரு வருஷ இடைவெளியில் ஒரே நகரத்தில் பிறந்த இருவர் லண்டனில் சந்தித்து உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகரை உருவாக்கினார்கள். இதில் விதியின் கையைத் தேடுகிறவர்கள் தேடட்டும். எனக்கு அது பேரரசு தன் ஆட்களை எப்படி ஊர்விட்டு ஊர் நகர்த்தியது என்பதன் அடையாளமாகத்தான் படுகிறது. சம்பளத்துக்கு மதராஸ் வந்தவர்கள், சுதந்திரத்தை ஒட்டித் திரும்பியவர்கள். இவர்களின் பிள்ளைகளுக்கு எந்த ஊரிலும் ஆழமான வேர் இல்லை. பாட்டுத்தொழிலில் அது வசதியாகவும் போனது.

1965இல் மில்ஸ் நண்பரின் பெயரை மாற்றினார். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை அப்படியே எடுத்து ஒட்டினார். எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர், ஆகவே மறக்காத பெயர். அந்த இசையமைப்பாளரின் வாரிசுகள் ஒப்பவில்லை. இன்றுவரை ஜெர்மனியில் இந்தப் பாடகர் வெறும் ‘எங்கெல்பர்ட்’தான். 1966இல் பெல்ஜியத்தில் ஒரு பாடல் போட்டியில் தலைகாட்டினார், அங்கே ஒரு பாட்டு எடுபட்டது. இங்கிலாந்தில் இன்னும் விடியவில்லை.

1967 ஜனவரி. லண்டன் பல்லேடியத்திலிருந்து ஞாயிறு இரவுகளில் நேரடியாக ஒளிபரப்பாகும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டிக்கி வேலன்டைன் என்ற பாடகர் வர முடியாமல் போனது. அந்த இடத்தில் ஆள் வேண்டியிருந்தது. எங்கெல்பர்ட் போய் நின்று ‘ரிலீஸ் மீ’ பாடினார். புதுப் பாட்டல்ல. 1940களின் கடைசியில் எழுதப்பட்டு, அமெரிக்கக் கிராமிய இசைக்காரர்கள் பாடிவந்த பழைய பாட்டு. ரே பிரைஸ் 1954இலும் எஸ்தர் ஃபிலிப்ஸ் 1962இலும் பாடி வெற்றி கண்டது. இவர் அதில் வயலின்களையும் கூட்டுக் குரலையும் ஏற்றி, ஒரு விண்ணப்பத்தை நாடகமாக்கினார். மார்ச்சில் பாட்டு முதலிடம் பிடித்து ஆறு வாரம் அங்கேயே இருந்தது. மொத்தம் 56 வாரம் தொடர்ந்து பட்டியலில் நின்றது. அதே நேரத்தில் வெளியான பீட்டில்ஸின் ‘பென்னி லேன் / ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இரண்டாம் இடத்தோடு நிற்க வேண்டிவந்தது. பல வருஷமாக முதலிடத்தைத் தவிர வேறு எதையும் அறியாத பீட்டில்ஸுக்கு இது புதிது.

இதில் சின்னக் குறும்பு ஒன்று உண்டு. 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸ் வெளியேற்றிய டிரம்மர் பீட் பெஸ்ட் பிறந்ததும் மதராஸில்தான், 1941இல். மதராஸில் பிறந்த ஒருவரை அவர்கள் கழற்றிவிட்டார்கள், மதராஸில் பிறந்த இன்னொருவர் அவர்களின் வழியை மறித்தார். தற்செயல்தான், ஆனால் சுவையான தற்செயல்.

இசை விமர்சகர்களில் பலர் இந்தச் சம்பவத்தைக் காலத்தின் ஒரு விக்கல் போலச் சொல்வார்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ எங்கே, ‘ரிலீஸ் மீ’ எங்கே என்பது அவர்கள் கேள்வி. கலைத்தரம் என்று பார்த்தால் அவர்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வருஷம் தட்டு வாங்கியவர்கள் எல்லாரும் பதினெட்டு வயதுக்காரர்கள் அல்ல. நாற்பதைத் தாண்டிய அம்மாக்களுக்கும் பணம் இருந்தது, காது இருந்தது, வீட்டில் கிராமஃபோன் இருந்தது. அவர்களுக்கு யாரும் பாடாத நேரத்தில் இவர் பாடினார். தொடர்ந்து அதே வருஷம் வந்த ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ ஐந்து வாரம் முதலிடம். பிரிட்டனில் மட்டும் இரண்டு தட்டுகளும் தலா பத்து லட்சத்துக்கு மேல் விற்றன. 1968இல் ‘எ மேன் விதவுட் லவ்’.

இவருடைய பாட்டுகளின் பிறப்பிடத்தைப் பட்டியல் போட்டால் ஒரு விஷயம் பிடிபடும். ‘ரிலீஸ் மீ’ அமெரிக்காவின் கிராமிய இசை. ‘எ மேன் விதவுட் லவ்’ இத்தாலியின் சான் ரெமோ விழாவில் பாடப்பட்ட மெட்டு. ‘ஸ்பானிஷ் ஐஸ்’ ஜெர்மானியரான பெர்ட் கெம்ஃபெர்ட்டின் இசை. ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ மட்டும் லெஸ் ரீட், பேரி மேசன் என்ற இரண்டு ஆங்கிலேயர் எழுதியது, ஆனால் வால்ட்ஸ் ஆஸ்திரியாவின் சொத்து. பாடியவர் பிறந்தது மதராஸ், வளர்ந்தது லெஸ்டர், பெயர் ஜெர்மனி, பின்னாளில் வருமானம் லாஸ் வேகஸ். எந்த மண்ணின் வாசமும் இல்லாத பாட்டு இது. அதனால்தான் எந்த மண்ணிலும் இறக்குமதி செய்து பாட முடிந்தது. பெரம்பூர் ரயில்வே காலனியில், ஜோலார்பேட்டையில், கோலாரில், கல்கத்தாவின் பார்க் தெருவில், எங்கே பாடினாலும் அது அந்நியமும் இல்லை, சொந்தமும் இல்லை. இங்கிருந்த ஆங்கிலோ இந்தியர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸும் எங்கெல்பர்ட்டும் அந்த வீடுகளில் அவ்வளவு நெருக்கமானதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மதராஸ் அவர் குரலில் ஏதாவது சேர்த்ததா என்றும் சிலர் கேட்பதுண்டு. பத்து வயதில் கப்பலேறிய பிள்ளையின் குரலில் கர்நாடக இசையைத் தேடுவது வீண் வேலை. அவரே மதராஸை மறைத்தவரல்ல, பேட்டிகளில் சொல்லி வந்தவர்தான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் கேட்பவர்கள்.

மறைத்தவர்களும் இருந்தார்கள். பம்பாயில் பிறந்த நடிகை மெர்ல் ஓபரான் தன் வாழ்நாள் முழுவதும் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லி வந்தார். 1930களின் ஹாலிவுட்டில் கலப்பு ரத்தம் என்பது வேலையைப் பறித்துவிடும். பாடகர்களுக்கு நெருக்கடி அந்த அளவுக்கு இல்லை. தட்டில் முகம் தெரியாதல்லவா! ஆனாலும் பெயர் மாற வேண்டியிருந்தது. லக்னோவில் 1940இல் பிறந்த ஹாரி வெப், கிளிஃப் ரிச்சர்ட் ஆனார். பம்பாயில் பிறந்து 1950களில் இங்கிலாந்தின் பட்டியல்களில் பலமுறை இடம்பிடித்த டோனி பிரெண்ட்டின் வீட்டுப் பெயர் ரெஜினால்ட் பிரெட்டேன். எங்கெல்பர்ட்டுக்கு நிகரான மெல்லிசைக்காரர் பிரெண்ட். அவர் பெயர் இன்று இந்தியாவில் ஏறக்குறைய மறந்தே போனது.

கிளம்பிப் போனவர்கள் கதை இது. போகாதவர்கள்?

இங்கே இருந்துகொண்டு பாட வேண்டும் என்றால் கடை ஒன்றுதான், சினிமா. அகில இந்திய வானொலி 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டையே ஓரங்கட்டியது. கேட்பவர்கள் ரேடியோ சிலோனுக்கு முள்ளைத் திருப்பினார்கள். வானொலி தானே தயாரித்த ‘மெல்லிசை’ ஒழுக்கமானது, ஆடத் தூண்டாதது. சினிமாவுக்கு வெளியே ஒரு பாடகர் பெயர் வாங்க வழியே இல்லை. தூத்துக்குடியில் பிறந்து சிலோனில் வளர்ந்த ஜே.பி. சந்திரபாபு மேற்கத்தியத் தட்டுகளைக் கேட்டு யோடலிங் பழகியவர். லண்டனில் பிறந்திருந்தால் தனிப் பாடகராகவே போயிருப்பார். இங்கே கோமாளி வேஷத்துக்குள் நுழைந்துகொண்டுதான் அவரால் பாட முடிந்தது. அந்தக் குரலின் சோகம் கோமாளித்தனத்துக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். 1974இல் ஐம்பதைத் தொடாமலே போய்விட்டார்.

இந்தச் சட்டத்தை உடைத்தவர் உஷா ஐயர், பின்னாளில் உஷா உதுப். பம்பாயில் 1947இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் குரல் கனமாக இருக்கிறது என்று பாட்டு வகுப்பிலிருந்து விலக்கப்பட்டவர். 1969இல் மதராஸ் மவுண்ட் ரோடு சஃபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பிறகு கல்கத்தாவின் டிரிங்காஸ். மேடைக்காகப் பெயரை மாற்றவில்லை, உச்சரிப்பை மாற்றவில்லை, நாட்டை விட்டுப் போகவில்லை. ஆங்கில மெல்லிசையை இந்தியாவில் பாடிப் பிழைக்க முடியும் என்று காட்டியவர் அவர்தான். அவருக்கும்கூட நாடு தழுவிய பெயரை இந்தி சினிமாதான் தந்தது. 2024இல் பத்ம பூஷண்.

தமிழிலேயே பாப் என்று ஒரு வகை தழைத்தது தமிழ்நாட்டில் அல்ல, இலங்கையில். அங்கே தமிழ்ச் சினிமாத் தொழில் சிறியது. வானொலி பெரியது. போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா என்ற நடன இசை கையில் இருந்தது. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் ‘பொப் இசை’ என்ற பெயரிலேயே கூட்டம் கூட்டினார்கள். ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகள் வரை போனது. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டியது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு இளையராஜா அதை எடுத்தாண்டார். அதன்பின் தமிழ்நாட்டில் அதைச் சினிமாப் பாட்டாகவே அறிந்தவர்கள்தான் அதிகம். மனோகரனும் சென்னைக்கு வந்து படங்களில் நடித்தார், 2018இல் இங்கேயே காலமானார். சினிமா எதையும் வெளியே விட்டுவைப்பதில்லை.

தங்கவயலுக்குத் திரும்புவோம். அங்கே மேடையில் பாடியவர்கள் பெரும்பாலும் பிறர் பாட்டைப் பாடியவர்கள். தட்டில் கேட்டதை அடுத்த சனிக்கிழமை கூடத்தில் பாடுவது. இதை நகல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் டிரெடிஷனல் பாப்பின் சட்டமே அதுதான். பாடகர் மெட்டுப் போடுவதில்லை, பாட்டு எழுதுவதில்லை. எங்கெல்பர்ட்டும் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே ரே பிரைஸ் பாடியதைத்தான் பாடினார். குரலின் திறமை வேறு வேறு, மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் கூடுதலாக இருந்தவை ஒலிப்பதிவுக் கூடம், வயலின் கூட்டம், பிடிவாதமான மேலாளர், ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சி. சுரங்க ஊரில் இவற்றில் ஒன்றும் கிடையாது. அங்கே பாட்டு என்பது வேலை முடிந்த பின் வருவது, அதற்குச் சம்பளம் இல்லை. இதனால்தான் அந்தக் கூடங்களின் பாடகர்களில் பலருடைய குரல் எந்தத் தட்டிலும் ஏறவில்லை.

நாடு விடுதலையானதும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பத் தொடங்கின. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. வெள்ளைக்காரர்கள் போன பின் பங்களாக்களில் அதிகாரிகள் குடியேறினார்கள், நடன இரவுகள் மெலிந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சைனைட் கழிவு மேடுகளையும் லயன்களையும் விட்டுப் போக வழியில்லாத தமிழ்க் குடும்பங்களே மிஞ்சின. இன்றும் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் விடிகாலையில் மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறார்கள். மக்களவையில் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு முடிந்தன.

எங்கெல்பர்ட் நிற்கவில்லை. 1976இல் ‘ஆஃப்டர் தி லவ்வின்’ அமெரிக்காவில் எட்டாம் இடம்வரை போனது. 1989இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதித்தார்கள். 2012இல், 76 வயதில், பாகுவில் நடந்த யூரோவிஷன் போட்டிக்குப் பிரிட்டன் அவரை அனுப்பியது. முதல் ஆளாகப் பாடி, 26 பேரில் 25ஆவதாக வந்தார். கிடைத்தது 12 புள்ளி. பத்திரிகைகள் சிரித்தன. பத்து வருஷம் கழித்து, 2022இல், மார்வெல் தொடரான ‘மூன் நைட்’டில் ‘எ மேன் விதவுட் லவ்’ ஒலித்தது. பாட்டைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேருக்கு 1968இல் அப்பாவே பிறந்திருக்க மாட்டார்.